மகள் கற்றுத்தந்த ஏழு வார்த்தைகள்

என் மகள் பேசிய முதல் வார்த்தை ‘விசிறி’. பத்து மாதத்தில், ஒரு விரலைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிப் பேசினாள். பேசியது என்னிடமல்ல, என் மைத்துனனிடம். நான் அதே அறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறி எழுந்தால், அவன் சாவகாசமாகப் போய் விசிறி சுவிட்சைத் தட்டிவிட்டான். மகள் காற்று வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பினாங்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் தங்கிக் கைமொழி கற்றான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வந்து, பலகை அறுக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த ரம்பச் சத்தத்தில் நாள் முழுக்க முகம் சுளிக்காமல் நிற்கிற ஒரே ஆள் என்று சீன முதலாளிக்கு அவன்மேல் தனிப் பிரியம். அதே ஊரில், புந்தோங்கில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

அக்காவும் தம்பியும் எப்போதும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். நானோ தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பு ஆசிரியன். நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல் எனக்கு. நான்கு வருடமாக அவனிடமும் அந்தக் குரலில்தான் பேசினேன். புரியவில்லை என்றால் இன்னும் உரக்கப் பேசினேன். அவன் பணிவாகத் தலையாட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்துவார்.

மனைவி வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். மூன்று மணிக்கு வேலை முடிந்து வருகிற தம்பிதான் மாலை வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வான். தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவன் பிள்ளையோடு பேசினான், அவளும் பிடித்துக்கொண்டாள். முஷ்டியை மூடித் திறந்தால் பால். விரல் நுனிகளைச் சேர்த்துத் தட்டினால் இன்னும் வேண்டும். மூக்குக்குக் கீழே விரலால் கோடு இழுத்தால் மாமா, அவனுக்கு மீசை உண்டு. அப்பாவுக்கு ஒரு சைகையும் இல்லை. விசாரித்தேன். “நீங்க இருக்கிறத யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்லையே லா, தெருமுனையிலேயே கேட்குது,” என்றாள் மனைவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வாய் திறக்கக் கற்றுக்கொடுக்கிறவன் வீட்டுப் பிள்ளை கையாட்டிக்கொண்டு திரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? தினமும் மாலையில் அவளை மடியில் வைத்து ‘அ, ஆ’ என்று ஆரம்பித்தேன். ‘ஈ’ வருவதற்குள் அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உதறினாள். அக்காவும் தம்பியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“என்னவாம்?”

“போதுமாம்.”

சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் கை நிறையப் பேசுவார்கள். நான் மட்டும் ஆள் தெரியாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவனைப் போல் குனிந்து சாப்பிடுவேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் மேசையில் தட்டி, “இனிமே இந்த வீட்ல யாரும் கையாட்டக் கூடாது! என் பிள்ளை ஊமையாப் போவணுமா?” என்று கத்திவிட்டேன்.

மனைவி அதை அவனுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, என் முகமே போதுமானதாக இருந்தது. கடலோரத்தில், லூமுட்டில் படகு கட்டும் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை கிளம்புகிறேன் என்று மறுநாள் அக்காவிடம் சொன்னான். அவள் அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். மாலையில் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விடுவாள்.

அந்த வாரம்தான் நான் பாடம் படித்தேன். மகள் ஒரு முஷ்டியில் விரலால் குத்தினாள். தண்ணீர் கொடுத்தேன், பொம்மை கொடுத்தேன், என் மூக்குக் கண்ணாடியைக்கூடக் கொடுத்தேன். மக்கு மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி மெதுவாகக் குத்திக் காட்டினாள். தின்று முடித்த ரொட்டியில் இன்னொரு துண்டை நீட்டியதும்தான் அடங்கினாள்; இன்னும் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் ஏழு வார்த்தையில் தேறினேன்: பால், இன்னும், போதும், விசிறி, பூனை, நனைந்துவிட்டது, மாமா. நாற்பது பிள்ளைகள் என்னிடம் பட்ட பாடு எனக்கும் புரிந்தது.

சனிக்கிழமை காலை அவன் தனியாகவே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டான். மனைவி அடுப்படியில் சத்தமில்லாமல் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

லூமுட் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவன் சன்னலோரம் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். பழக்க தோஷத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவனைத் தவிர. பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடியருகே காட்டினேன். அவள் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். அந்த அதிர்வில் திரும்பினான்.

போகாதே என்று சொல்ல எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. பூனை தெரியும், உபயோகமில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூக்குக்குக் கீழே கோடு இழுத்தேன். பிறகு ஒரு முஷ்டியில் விரலால் குத்தினேன். மாமா, இன்னும். மாமா, இன்னும்.

அவன் வாய் பிளந்து பார்த்தான். அப்புறம் சிரித்தான், தோள் குலுங்க, சத்தமாக. விஷயம் இதுதான்: மகளுக்குக் குண்டு விரல், நுனிகளைச் சேர்க்க வராமல்தான் முஷ்டியில் குத்துவாள். நான் அவளிடம் கற்றதால் எனக்கும் மழலை ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வயது ஆசிரியன், நட்டநடு பஸ் நிலையத்தில் மழலை பேசிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரல் நுனிகளைச் சேர்த்துத் திருத்தமாகச் செய்து காட்டினான். நானும் செய்தேன்.

“சார், ஏறுறீங்களா இல்லியா லா? பஸ்ஸ எடுக்கணும்!” என்றார் கண்டக்டர்.

நான் ஏறவில்லை. அவன் பையோடு இறங்கினான். இறங்கியதும் என்னிடம் வேகவேகமாக நிறையச் சொன்னான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உதவிக்கு மகளைப் பார்த்தேன், அவள் கொட்டாவி விட்டாள்.

வீட்டுக்கு வந்து அதையே அக்காவிடம் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“நாலு வருஷத்துல நீங்க அவன்கிட்ட மொத மொதல்ல இன்னிக்குத்தான் பேசினீங்களாம்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. வகுப்புக்குப் புதிதாக வரும் எந்தப் பிள்ளையிடமும் நான் முதலில் கேட்பது பெயரைத்தான். இவனுடைய மொழியில் இவனுக்கு என்ன பெயர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“உன் தம்பி பேரு கையில எப்படின்னு கேட்டுச் சொல்லேன்,” என்றேன்.

“நீங்களே கேளுங்க,” என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்துக்கொண்டு போனாள்.