ஒட்டாமல் விட்ட ஓட்டை

சூரியநெல்லி செல்லத்துரை இறந்துபோன செய்தி வந்தபோது, கொழிஞ்சாம்பாறையில் என் களத்தில் லாரிக்குத் தேங்காய் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் துப்பாக்கி கிளப் செயலாளர், வடகரப்பதி நடராசுதான் போனில் கூப்பிட்டான். "அண்ணா, நம்ம செல்லத்துரை போயிட்டாருங்ணா. காத்தால தேயிலைக் காட்டுப் பாதையில போனவரு அப்படியே சாஞ்சுட்டாராமா."

"ஏமாத்திட்டுப் போயிட்டாரு பாரு அந்த ஆளு" என்றேன்.

"ஏனுங்ணா, செத்தவரைப் போயி..." என்று இழுத்தான். நான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. அவரோடு பிஸ்டல் போட்டிகளில் ஓடியவர்களும் அவரிடம் திட்டு வாங்கியவர்களும் கிளப்பின் நினைவு மலரில் இதைப் படிப்பீர்கள். நல்லவர், நேர்மையானவர் என்று எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது பகை. எனக்குத் தெரிந்தது அதுதான். அதைத்தான் எழுத முடியும்.

மிளகு வாங்க மலைக்கும் தேங்காய் விற்கப் பொள்ளாச்சிக்கும் அலைகிறவன் நான். பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து, பிஸ்டலைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். கைவிட்ட கல்குவாரியில் நடக்கும் போட்டிக்கு என்னை இழுத்துப் போனது நடராசு. ஒரே இடத்தில் நின்று குறி பார்க்கும் விளையாட்டில்லை அது. காதருகே டைமர் 'பீப்' என்றதும் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி, மறைப்புக்கு மறைப்பு ஓடி, பழுப்பு அட்டைகளில் இரண்டிரண்டு தோட்டாவும் இரும்புத் தட்டுகளில் ஒவ்வொன்றும் வைக்க வேண்டும். வெள்ளை அட்டையில் பட்டால் புள்ளி போகும். கிடைத்த புள்ளியை, ஆன நொடியால் வகுப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

அன்று டைமரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தவர் செல்லத்துரை. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியான ஆள். இடப்பக்கம் ஓடியபடியே தோட்டா நிரப்பிய மேகசினை மாற்றினேன். உடம்பு திரும்பியது, துப்பாக்கியோடு கையும் கூடத் திரும்பிவிட்டது.

"நிறுத்தும்வே!"

குவாரி முழுக்க எதிரொலித்தது. "தோக்கு எங்க பாக்குன்னு தெரியுதா முதலாளி? பின்னால நிக்கவன் தலைய எண்ணிக்கிட்டு இருக்கு."

"கொஞ்சந்தானுங்களே திரும்புச்சு" என்றேன்.

"உம்ம பேரத்த தேங்கா மண்டில வச்சுக்கிடும். இங்க கொஞ்சமும் இல்ல, நிறையவும் இல்ல. வெளிய போவும்."

எனக்குத் தெரிந்த பொள்ளாச்சி வியாபாரிகள் நாலு பேர் சிரித்தார்கள். தகுதி இழந்தவன் வீட்டுக்கு ஓடிவிடக் கூடாது. மற்றவர்கள் சுட்ட அட்டைகளில் ஓட்டைக்கு ஓட்டை ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த ஆளுக்கு அட்டையைப் புதுசாக்கித் தர வேண்டும் என்பது எங்கள் கிளப் வழக்கம். வெயில் சாயும்வரை ஒட்டினேன். தன் முறை வந்தபோது அவர் சுட்ட ஓட்டைகளையும் என் கட்டைவிரலால்தான் அடைத்தேன். இந்த ஆளை இதே ஜனத்துக்கு முன்னால் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பழி வாங்கப் போனவன் விளையாட்டில் மாட்டிக்கொண்டேன். "அட்டையச் சுட்டு என்னத்தைக் கண்டீங்க?" என்று என் மனைவி கேட்பாள். அவளுக்குச் சரியான பதில் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். வியாபாரத்தில் ஒரு முடிவு சரியா தப்பா என்று தெரிய மூன்று மாதம் ஆகும். இங்கே தட்டில் பட்டால் அந்த நொடியே 'டிங்' என்று சொல்லிவிடும். படாவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். 'பீப்' அடித்த பிறகு பதினைந்து நொடிக்குப் போன் கிடையாது, லோடு கிடையாது, விலை கிடையாது. யோசிக்கிற மனுசன் காணாமல் போய், பழகிய கை மட்டும் வேலை செய்கிறது. அது ஒரு போதை. ஒரு முறை ருசி கண்டவன் விடமாட்டான்.

அதைவிட ருசி, சுடுவதற்கு முன்னால், ஓட்டத்தைத் திட்டமிடக் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடம். யார் கையிலும் துப்பாக்கி இருக்காது. தொப்பை போட்ட பெரிய மனிதர்கள் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு, "இங்க ரெண்டு, அங்க ரெண்டு, இங்க மாத்தறேன்" என்று முணுமுணுத்தபடி மறைப்புகளுக்கு நடுவே நடப்போம். ஒரு தடவை குவாரி மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இவீங்களுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். செல்லத்துரை அடிக்கடி சொல்வார்: "ஓடுதது காலு, சுடுதது கையி, ஜெயிக்கிறது இந்த அஞ்சு நிமிசந்தான் வே."

அந்த ஐந்து நிமிடத்தில் அவர் பின்னாலேயே நடந்து அவர் திட்டத்தைத் திருடுவேன். ஒரு போட்டியில் அவர் மேகசின் மாற்றுவதாகக் காட்டிய இடத்திலேயே நானும் மாற்றத் திட்டமிட்டேன். அந்த இடத்துக்கு இரண்டு தட்டு முன்பாகவே என் துப்பாக்கி காலி. கூட்டம் பார்க்க மரம் மாதிரி நின்றேன். அவர் சுடும்போது மாற்றியது முற்றிலும் வேறு இடத்தில். எனக்காகவே பொய்யாக நடந்து காட்டியிருக்கிறார். "திருடுத சரக்கத் தட்டிப் பாத்து எடுக்க வேண்டாமா முதலாளி?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் சேர்ந்த நான்காவது வருடப் போட்டியின் கடைசி ஓட்டத்தில் நான் முதலிடத்தில் இருந்தேன். சுட வேண்டியவர் செல்லத்துரை மட்டும். அவருக்கு முன்னால் சுட்டவனின் ஓட்டைகளை நான்தான் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஓரத்து அட்டையில் புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒரு ஓட்டை. கட்டைவிரலை அதன் மேல் வைத்தேன்; ஸ்டிக்கரை வைக்கவில்லை. மறதியால் நடந்ததல்ல அது. தெரிந்தே செய்தேன்.

அவர் அன்று சுட்டதைப் போல யாரும் சுட்டு நான் பார்த்ததில்லை. காலும் கையும் எண்ணெய் விட்ட யந்திரம். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. முடிந்ததும் கைதட்டல் வந்தது. புள்ளி எண்ணப் போனால் ஓரத்து அட்டையில் மூன்று ஓட்டை. எந்த இரண்டு அவருடையது என்று சொல்ல வழியில்லை. இப்படி ஆனால், முதல் ஓட்டத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு மறுபடி சுட வேண்டும் என்பதுதான் விதி. மறுபடி சுட்டார். மூச்சு வாங்கியது, ஒரு தட்டு விழவில்லை. நான் ஜெயித்தேன்.

கை கொடுக்க வந்தவர் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஜெயிச்சதும் நீரு, ஒட்டுனதும் நீரு."

கிளப்பில் வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அந்த ஆளின் பழிவாங்கல் அதுதான்: என் வெற்றியை நானே தின்ன முடியாமல் செய்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் போட்டியில் இறங்கவேயில்லை, டைமர் மட்டும் பிடித்தார். பார்க்கும்போதெல்லாம், "ஒரே ஒருக்கா எறங்குங்க, நேருக்கு நேரா முடிச்சுக்கலாம்" என்று கேட்பேன். "கண்ணு தெரியலவே" என்பார். இரண்டு வருடம் கெஞ்ச விட்டு, போன மாதம்தான், "சரி, மழை விடட்டும்" என்றார். மழை விட்டது. ஆள் இல்லை.

காரியத்துக்குச் சூரியநெல்லி போயிருந்தேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த ஓட்டை ஒட்டாதவுகளா?"

அவர் கோபப்படவில்லை. "அவுக சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக" என்றார்.

"கண்ணு தெரியலன்னாருங்களே" என்றேன்.

"கண்ணா? எதுத்த மலையில எந்தப் பொண்ணு கொழுந்து கிள்ளுதான்னு இங்கன இருந்தே பேரு சொல்லுவாக. விடிஞ்சதும் வெறுங்கைய நீட்டிக்கிட்டுத் தேயிலைக்குள்ள ஓட்டந்தான். இந்த வயசுல என்னத்துக்குன்னு கேட்டா, 'தேங்காக்காரன் இளசு, அவனக் கெஞ்ச விட்டு, நான் ஒடம்பத் தேத்திக்கிட்டு, எல்லாரும் பாக்க அடிக்கணும்'னு சொல்லுவாக. அன்னைக்கும் அப்படி ஓடப் போனவுகதான்."

திரும்பி வரும் வழி முழுக்க எனக்குக் கோபம்தான். இரண்டு வருடம் நான் மட்டும் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் அதே அடுப்பில் இருந்திருக்கிறார், ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாளே நடராசுவிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "முதல் இடம் அவருக்குப் போகட்டும்" என்றேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினான். "இப்ப மாத்த ரூல் இல்லைங்ணா. ஏனுங்ணா இப்படிப் பண்ணுனீங்க?" என்றான். ரூல் இல்லை என்றால் போகட்டும், இங்கே உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அவர் மௌனமாக வைத்து என்னை அறுத்த கத்தியை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். இது என் பழி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு எண். அடித்துவிட்ட அந்த முதல் ஓட்டத்துக்கு அவருக்கு ஆனது பதினொன்று புள்ளி நான்கு நொடி. எந்தத் தாளிலும் அது இல்லை, டைமரில் நான் பார்த்தது. குவாரியில் அதே மறைப்புகளையும் அதே தட்டுகளையும் அதே இடங்களில் நிறுத்தி, ஞாயிறுதோறும் ஓடுகிறேன். பன்னிரண்டுக்குக் கீழே இன்னும் வரவில்லை. வருவேன். அழுகை அதற்கு அப்புறம்.