வெறும் நெற்றி

கூடத்திலிருந்து யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கொல்லைக் கதவைத் திறந்து காலெடுத்து வைத்த அழகியமணவாளன் கிணற்றடியிலேயே நின்றுவிட்டார். இடுப்பில் ஈர வேஷ்டி. நெற்றியில் திருமண் இல்லை.

"பிள்ளையாண்டானுக்கு ஒரே ஒரு குறை. மறைக்காம சொல்லிடறேன்," என்றது கூடத்துக் குரல். "சனிக்கிழமையானா திருச்சிக்கு ஓடிடுவான். குதிரைமேல ஒரு பொண்ணு, கையில சவுக்கு, ஒரே அடிதடி. அந்த மாதிரிப் படம் பாக்காட்டா அவனுக்குச் சாதம் இறங்காது."

திருவெள்ளறை யதிராஜனின் குரல் அது. தம் பிள்ளைக்கு இந்த வீட்டுப் பெண் வத்ஸலாவின் ஜாதகம் பொருந்தியிருப்பதாகப் போன வாரம் கடுதாசி போட்டவர், இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்.

"எங்காத்துக்காரர் காதுல விழுந்தா அவ்வளவுதான்," என்றாள் அழகியமணவாளனின் மனைவி கோதைநாயகி. அவள் குரலில் பெருமை வழிந்தது. "இந்த வீதிச் சுவர்ல சினிமா நோட்டீஸ் ஒட்டப்படாதுன்னு ஒவ்வொரு ஆத்துக்கும் போய்க் கையெழுத்து வாங்கினவராக்கும்."

வாங்கினவர்தான். வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு சனிக்கிழமை, வக்கீல் ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் மழைக்கு ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கினார். திரையில் முகமூடி போட்ட பெண்ணொருத்தி ஓடும் ரயிலின் கூரைமேல் நின்று நான்கு தடியர்களை உதைத்துத் தள்ளினாள். பேசிய ஹிந்தியில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக வக்கீலின் முன்னால் கைகட்டி நிற்கும் குமாஸ்தா அவர். யாருக்கும் பயப்படாத ஒரு ஜன்மத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமையும் தப்பவில்லை. வீட்டில் ஆபீஸ் வேலை என்று பொய். தெப்பக்குளத்துப் படியில் திருமண்ணைக் கழுவிவிட்டு, யாரென்று தெரியாதபடி தரை டிக்கெட்டில் உட்காருவார். திரும்பும்போது ஆற்றங்கரை அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட்டு, மடியிலிருக்கும் சின்னத் திருமண் பெட்டியை எடுத்து மறுபடி இட்டுக்கொள்வார். இன்று பெட்டியைக் காணோம். கொட்டகையில் கூட்டத்தோடு எழுந்து நின்று கைதட்டியபோது விழுந்திருக்க வேண்டும். கொல்லை வழியாக நுழைந்து, யார் கண்ணிலும் படுமுன் இட்டுக்கொள்ளலாம் என்றுதான் வந்தார்.

தண்ணீர் எடுக்க வந்த வத்ஸலா, "அப்பா வந்துட்டார்மா," என்று குரல் கொடுத்துவிட்டாள். பத்தொன்பது வயசு. இரண்டு வரன் வந்து தட்டிப்போய், மூன்றாவது வரனின் தகப்பனார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு களை. அவர் உள்ளே போகத்தான் வேண்டியிருந்தது.

யதிராஜனின் சிரிப்பு நின்றது.

"என்ன ஸ்வாமி இது, விளக்கு வைக்கிற வேளையில? ஸ்நானம் பண்ணிட்டு நெத்திக்கு இட்டுக்காம... ஏதாவது அசுபமா?"

சொல்லியிருக்கலாம். பிள்ளையின் பைத்தியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்ன மனிதர் இதற்கும் சிரித்திருப்பார். ஆனால் பக்கத்தில் கோதைநாயகி நின்றாள். அவள் முகத்திலிருந்த பெருமை இன்னும் கலையவில்லை.

"ஆமாம்," என்றார். "கும்பகோணத்துல வேதாந்தம் அண்ணா பரமபதிச்சுட்டார். ஆபீசுக்குத் தந்தி வந்தது."

வேதாந்தம் அவருடைய பெரியப்பா பிள்ளை. அந்த நேரத்தில் கும்பகோணத்தில் சௌக்கியமாகச் சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

"ஐயோ, வத்ஸலா கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தறேன்னு எழுதியிருந்தாரே," என்று கோதைநாயகி சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

யதிராஜன் கையிலிருந்த ஜாதகத்தைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"தீட்டு பத்து நாள்ல போயிடும், அது பெரிசில்லை. ஆனா பேச்செடுத்த நாழியில சாவுச் சேதி வந்துடுத்தே. ஒரே பிள்ளை எனக்கு. இதுக்கு மேல அடியேனுக்குத் துணிச்சல் இல்லை."

"ஸ்வாமி, ஒரு நிமிஷம். அது வந்து..."

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. மனசைத் தேத்திக்கோங்கோ."

 அழகியமணவாளன் அழும் மனைவியைப் பார்த்தார். தூணோரம் நின்ற மகளைப் பார்க்கத் துணியவில்லை.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை. யதிராஜன் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கினார். அவர் வீதியில் நாலு வீடு தாண்டும்வரை வத்ஸலா நிலையருகே நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.