ஹெட்போனைத் திருப்பி மாட்டியபோது

என் ஹெட்போனுக்குப் பின்பக்கம் மூடி கிடையாது, வெறும் கம்பிச் சல்லடைதான். பாட்டு எனக்கும் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். இதற்கா இவ்வளவு விலை என்று வீட்டில் கேட்டபோது, "காத்தோட்டமா இருக்கும்" என்றேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அதன் வலது பக்கம் மந்தமானது. ஜால்ராவின் கிணுகிணுப்பெல்லாம் இடது பக்கமே சாய்ந்து கேட்டது. விடுவேனா? கடலூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை ஆபரேஷன் தியேட்டர் ஆக்கினேன். வலது பக்க ஸ்பாஞ்சை எடுத்தேன். சல்லடைக்குள் ஒட்டியிருந்த மெல்லிய துணியை உரித்தேன். காது மெத்தையை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் "இப்பத்தான் சரி" என்று தலையாட்டிவிட்டு, மறுநாளே ஸ்க்ரூவைக் கழற்றினேன். மனதின் மூலையில் வேறொரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதை மட்டும் கழற்றிப் பார்க்கத் துணியவில்லை.

சிதம்பரத்தில் என் நண்பன் அதே மாடலைக் கை வைக்காமல் வைத்திருந்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க பஸ் ஏறினேன். முதலில் என்னுடையதை அவன் மாட்டினான். முகம் கோணியது.

"என்னா மச்சான் பண்ணி வெச்சிருக்க? வலது பக்கம் ஊசியாட்டம் குத்துது!"

"ஒன் காதுல கோளாறுடா."

தன்னுடையதை எடுத்து என் தலையில் மாட்டினான். அதிலும் வலது பக்கம் மந்தம்.

"ஒன்னுதும் போச்சு!" என்று குதித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அதக் கழட்டி, இடது வலதாத் திருப்பி மாட்டு."

மாட்டினேன். மந்தம் ஹெட்போனோடு இடம் மாறவில்லை. என் வலது காதிலேயே உட்கார்ந்திருந்தது.

அவன் பைக் சாவியை எடுத்தான். கீழவீதி நெரிசலில், பின்னால் உட்கார்ந்தபடி இடது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். ஆட்டோ ஹாரன் கேட்டது. பக்கத்தில் சைக்கிள்காரரின் கட்டைவிரல் மணியை அடித்துக்கொண்டே இருந்தது. மணி மட்டும் எங்கோ தூரத்தில் அடித்தது.

காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கே இல்லை என்றார். அழுக்கு இருக்க வேண்டுமென்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டிருந்தேன். அதுவும் கைவிட்டது. அடுத்து, கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. வெளியே மெஷின் முன்னால் ஒரு பெண்.

"சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க சார்."

இடது காது சுலபமாக முடிந்தது. வலது காதில் முதலில் சில சத்தங்கள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாக அவர் கை தெரிந்தது. கை அசைந்தது, அமுக்கினேன். மறுபடி அசைந்தது, மறுபடி அமுக்கினேன். பள்ளியில் பார்த்தெழுதியே பாஸானவன் வேறென்ன செய்வான்?

கதவைத் திறந்தார்.

"சார், நான் என் மூக்குக்கண்ணாடியத்தான் சரி பண்ணேன். இன்னும் சவுண்டே வெக்கல."

வாசலில் நின்ற நண்பன் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். வெள்ளைச் சுவர், என் மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம். பட்டன் மேல் கட்டைவிரல் சும்மா கிடந்தது.

வலது காதில் கீச்சுச் சத்தங்கள் கேட்பது குறைந்துவிட்டது என்றார் டாக்டர்.

"திரும்ப வருமா சார்?"

"போனது வராது. ஜாஸ்தியாவுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

வீட்டில் சொன்னேன். மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் கூப்ட்டப்பல்லாம் நெஜமாவே கேக்கலியா? வேணும்னே இருக்கீங்கன்னு எவ்ளோ திட்டிருக்கேன்."

"பாதி தடவ வேணும்னேதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து, சுற்றி வந்து, என் இடது பக்கம் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு அது அப்படி உறைக்கவில்லை.