திறக்காத ஏழு நூல்கள்

2023 நவம்பர் 19, ஞாயிறு, மாலை நாலே கால் மணி. திண்டுக்கல்லில் தூறல். மகனுக்குத் திருமணமாகி மூன்றாம் நாள். புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண்ணான மருமகள், இறந்துபோன தன் அம்மாவின் பைபிளை எங்கள் கத்தோலிக்க வீட்டு ஜெபப் பீடத்தில் வைத்தாள்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பொருளடக்கத்தை விரல்விட்டு எண்ணினேன். அறுபத்தாறு நூல்கள்.

"ஏழு குறையுதேம்மா. எது வேதம்னு முடிவு பண்ணுற அதிகாரம் திருச்சபைக்குத்தான். உங்காளுங்க யாரைக் கேட்டு எடுத்தாங்க? எழுபத்து மூணு நூலும் இல்லாத பைபிள் பீடத்துல இருக்கக் கூடாது."

மகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தி காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்பா, செத்த நேரம் சும்மா இருங்க" என்றான் மகன்.

"அந்த ஏழு புத்தகத்தையும் நான் பாத்ததே இல்ல மாமா. உங்களுக்குப் பிடிச்ச இடத்தை வாசிங்களேன்" என்றாள் மருமகள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

என் விவிலியத்தை எடுத்தேன். இருபத்தாறு வருடம் தினமும் பூ வைத்து முத்தமிட்ட புத்தகம். அந்த ஏழு நூல்கள் இருந்த பகுதி திறக்கவில்லை. பக்கங்களின் பொன்னிற ஓரம் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக் கிடந்தது. நகத்தால் பிரித்தேன். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எதை வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகள் தன் அம்மாவின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழு நூல்களையும் பதினெட்டு நாளில் படித்தேன். பிறகு நாகல் நகர் ஆசாரியிடம் சொல்லி, பீடத்துப் பலகையை ஒரு சாண் நீட்டினேன்.

"உங்கம்மா புத்தகத்தை இங்க வைம்மா."

"அலமாரியிலயே இருக்கட்டும் மாமா."

அந்த ஒரு சாண் இன்றும் காலி. பலகை, கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.