பருப்பு வயலில் ஒரு வளைவு

விஞ்ஞானத்தைப் பற்றி லாவர்னுக்கு உறுதியான கருத்து உண்டு. "உடம்புக்குள்ள போற விஞ்ஞானம் நல்லது. வண்டிக்குள்ள வர்ற விஞ்ஞானம் கெட்டது" என்பார். தங்கை உயிரோடு நடமாடுவது இன்சுலினால்தான் என்று ஒத்துக்கொள்வார். கைப்பேசி சொல்லும் மழையை மட்டும் மதிக்கவே மாட்டார். "நாப்பது சதவீதம் மழைன்னா என்னடா அர்த்தம்? முழங்கால் வரைக்கும் நனையுமா?"

கனடாவின் சஸ்காச்சுவானில் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடையில் காபி ஊற்றுகிறவள் நான். காலையில் விவசாயிகள் கூடுவார்கள், உலகத்தைத் திருத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். லாவர்னுக்கு எதிர் நாற்காலி கார்னிக்கு. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சண்டைக்கோழிகள். கார்னியின் டிராக்டரில் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டு அதுவே ஓடும்.

"வயல்ல போய்த் தூங்கறதுக்கு உனக்கு எதுக்குடா நிலம்? ஒரு கட்டில் போதுமே" என்பார் லாவர்ன்.

"நீ நேரா ஓட்டறதைப் பாத்துட்டுப் பருப்பு ஒரு மூட்டை அதிகமாவா காய்ச்சுது?" என்பார் கார்னி.

லாவர்னின் பெருமை வெட்டிப் பெருமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஊரே வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்தவர் வயலை வேவு பார்க்கக் கிளம்பும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாவர்ன் போட்ட மசூர் பருப்பு, கயிறு பிடித்தது போலச் சால் சாலாக நிற்கும். குறை சொல்லவே வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

போன குளிர்காலத்தில் அவர் தோளில் உலோக மூட்டு வைத்தார்கள். உடம்புக்குள் போன விஞ்ஞானம் ஆயிற்றே, அதில் அவருக்குப் புகார் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்க அந்தத் தோள் தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். அவர் மனைவி ஓடில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் ஓட்டிப் பாரு. தோள் ஒத்துழைக்கலைன்னா நிலத்தைக் கார்னிக்குக் குத்தகைக்கு விட்டுடலாம். எனக்கு நீ வேணும் லாவர்ன், பருப்பு இல்ல."

நிலமில்லாதவராக அந்தக் காபி மேசையில் உட்காருவதை லாவர்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவரைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை.

மே மாதம் ஒரே வாரத்தில் விதைத்து முடித்து, தொப்பியைச் சாய்த்துக்கொண்டு வந்தார். "தோள் எப்படி?" என்றோம். "தங்கம்" என்றார். சந்தோஷத்தில் பெர்ரிப் பழப் பலகாரத்தில் ஒரு பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

ஜூனில் பயிர் தலை காட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை லாவர்ன் வயலோரம் வண்டிகள் நின்றே விட்டன. சால் நேராகப் போய், நடுவில் வயிறு தள்ளி, மறுபடி நேராகிறது. ஒரு சால் இல்லை, வயல் முழுக்க அதே கதை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாள் காலை ஓடிலும் கூட வந்தாள். முகம் வாடியிருந்தது. லாவர்ன் குனிந்த தலை நிமிரவில்லை.

"கார்னி, நேத்து வயலைப் பாத்தேன்" என்றாள். "அவரால ஸ்டியரிங் பிடிக்க முடியல, வாய் திறந்து சொல்லவும் மாட்டேங்கறாரு. அடுத்த வருஷத்துக்கு நிலத்தை நீயே எடுத்துக்கோ."

அந்த நிலத்துக்கு ஆசைப்படாத விவசாயி எங்கள் ஊரில் இல்லை. கார்னி காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"அது தோள் இல்ல ஓடில். தோள் வலிச்சா ஒருக்கா இங்க கோணும், ஒருக்கா அங்க கோணும். எல்லாச் சாலும் ஒரே எடத்துல, ஒரே அளவு வளையணும்னா மனுஷனால ஆகாது. டேய் லாவர்ன், எப்படா வாங்கின, தானா ஓட்டற அந்தக் கருவிய?"

லாவர்னின் முகம் பீட்ரூட் சூப்பாகச் சிவந்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும், மறைத்தால் நிலம் போகும். இருதலைக் கொள்ளி எறும்பாக நெளிந்துவிட்டுக் கடைசியில் கக்கினார்.

"ஏப்ரல்ல. பழசுதான். பக்கத்து ஊர்ல வச்சு மாட்டினேன்."

"எங்கிட்ட கூடச் சொல்லலையா?" என்றாள் ஓடில்.

"இத்தனை வருஷம் திட்டிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? முதல் சாலு மட்டும் நாம ஓட்டிக் காட்டணும், அதப் பாத்து மிச்சத்தை அது ஓட்டும். நடுவுல ஒரு ஆள்காட்டிக் குருவி முட்டை மேல உக்காந்திருந்துச்சு. நகரவே மாட்டேன்னுது. திருப்பாம ஏத்தவா முடியும்? அதுதான் வழின்னு இந்தக் கழுதை நெனச்சுக்கிச்சு. அப்புறம் குருவியே இல்லாத எடத்துல எல்லாம் மரியாதையா ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு."

மேசை அதிர்ந்தது. ஓடில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நிறுத்தி மாத்தியிருக்கலாமே?" என்றேன் நான்.

"மாத்தத் தெரியல. தெரிஞ்சவன் ஊர்ல ஒருத்தன்தான். அவங்கிட்ட போய்க் கேப்பனா?"

"அப்போ தோள்ல வலி இல்லையே?" என்று ஓடில் இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள். "சத்தியமா இல்ல" என்றார். "சரி, நிலம் நம்மகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி அவருடைய காபியை எடுத்துக் குடித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் லாவர்ன் குரலைத் தாழ்த்தினார். "நீ பேசாம இருந்திருந்தா அந்த நிலம் உனக்கு வந்திருக்கும்டா."

"வந்திருக்கும்" என்றார் கார்னி. "அப்புறம் காலையில நான் யாரோட சண்டை போடறது?"