சொல்லிவிட்டுத் திறந்த கண்

எங்கள் வீட்டில் அத்தையிடம் யாரும் பொய் சொல்வதில்லை. பேனா அளவு டார்ச்சைக் கண்ணில் அடித்து, "ராத்திரி பூரா போன்தானே?" என்பாள். அவள் வந்தால், தம்பியான என் அப்பா கறுப்புக் கண்ணாடியைத் தேடுவார்.

அவளுக்குக் கண் வங்கியில் வேலை. கண்தானம் செய்தவர்கள் இறந்ததும் வீட்டுக்குப் போய்க் கருவிழியை எடுத்துவர வேண்டும். சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் இன்னொருவருக்குப் பொருத்தலாம். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இப்போதைக்கு அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறேன்.

அன்று மாலை போனது ஒரு தையற்கடைக்காரியின் வீட்டுக்கு. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் அப்பா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். ஃபேனை நிறுத்தி, கண்களை மூடிவைக்கும்படி போனிலேயே சொல்லியிருந்தோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "அவருக்கு வேர்க்கும்" என்றாள் மகள். இறந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்றும் சொன்னாள்.

அத்தை குனிந்தாள். "அண்ணே, கொஞ்சம் வெளிச்சம் அடிக்கிறேன், பொறுத்துக்குங்க."

இறந்தவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான், சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அவர்களுக்குக் கேட்குமா என்று முன்பு ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "கேட்காது. அதுக்காகச் சொல்லாம தொடுவாங்களா, பட்டதாரி?" என்றாள்.

பாதி திறந்திருந்த வலது கண் ஃபேன் காற்றில் காய்ந்து மங்கியிருந்தது. வெள்ளை விழியில் பழுப்பாக ஒரு கோடு. தலையணையில் அழுந்தி மூடியிருந்த இடது கண்ணை அத்தை சொல்லிவிட்டுத் திறந்தபோது அது கழுவிய கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரே மனிதரின் இரு கண்களும் இரண்டு நேரம் சொல்லின. அந்தக் கோடு ஒரு மணி நேரத்தில் விழாது என்று நான் படித்திருந்தேன். அவர் இறந்து வெகுநேரமாகிவிட்டது என்று அத்தை சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது, சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

அத்தை டார்ச்சை அணைத்துவிட்டு, மகளிடம் நடந்ததைக் கேட்டாள். மத்தியானம் கடையிலிருந்து வந்தபோது தூங்குகிறார் என்று நினைத்து ஃபேனைக் கூட்டினாளாம். சமைத்துக்கொண்டே, ஒரே சட்டையை மூன்று தடவை பிரிக்கச் சொன்ன ஆளைப் பற்றி அவரிடம் புலம்பினாளாம். டீ எடுத்துப் போய்த் தொட்டபோதுதான் தெரிந்ததாம்.

"நீங்க பேசினது சரிம்மா. அவர் கடைசியா பதில் சொன்னது எப்ப?"

அவள் சேலை நுனியைச் சுருட்டினாள்.

"காலையில. சாவி எடுத்தியான்னு கேட்டார்."

அப்படியானால் இன்னொருவருக்குப் பொருத்த முடியாது, டாக்டருக்குப் படிப்பவர்கள் பழக எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தை மெல்ல விளக்கினாள். அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "நான் புலம்பினப்போ அவர் இருந்தாரா?"

இருந்தார் என்று நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அது இரக்கமா, அங்கிருந்து தப்பிக்கும் அவசரமா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"இந்தக் கண்ணைப் பார்த்தா, அப்பவே போயிட்டார்னு தோணுது. ஆனா காத்துல காய்ஞ்ச கண்ணை நம்பி நேரம் சொல்ல முடியாது. அந்தக் கண்ணு தெளிவா இருக்கு. எனக்குத் தெரியலம்மா" என்றாள் அத்தை.

"அப்ப, பைத்தியக்காரி மாதிரி நானா பேசிட்டிருந்தேனா?"

"நானும் இப்ப அவர்கிட்ட சொல்லிட்டுத்தானே டார்ச் அடிச்சேன்?"

 அவள் எழுந்து போய் ஸ்விட்சில் கை வைத்து, கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, ஃபேனை நிறுத்துறேன்" என்றாள்.