சாயங்காலம் படிக்கிற அம்மா

பட்டாசுக் கம்பெனி கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி ஆகாது, செல்போன் ஆகாது. வாட்ச்மேன் நீட்டுகிற பையில் போனைப் போட்டால், வேலை முடிந்து வேன் ஏறும்போதுதான் திரும்பக் கைக்கு வரும். பொம்பளைப் பிள்ளையைப் பெற்றவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்பார்கள். அந்த நெருப்பை மட்டும் எந்த வாட்ச்மேனும் தடவிக் கண்டுபிடித்ததில்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. படிப்புக்கென்று வாங்கிய போன் அவள் கையோடு ஒட்டிப்போனது. தனியாகச் சிரிப்பாள். ஏன் என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்பாள். ஒரு நாள் ரீசார்ஜ் என்று சொல்லி அவள் போனையும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி அவளுடைய வாட்ஸப் என் போனிலும் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தது. “பாப்பாவுக்கு வர்றதெல்லாம் இனிமே ஒங்களுக்கும் வரும்க்கா.”

அன்றிலிருந்து வேனில் வீடு திரும்பும்போது எனக்கு அதுதான் வேலை. பாதிக்கு மேல் பொம்மைப் படங்கள். இருந்தாலும் ஒன்று விடாமல் பார்ப்பேன்.

பரீட்சைக்கு லீவு விட்டிருந்த சமயம். ஒரு காலை, பையில் போடுமுன் திறந்தேன். மகள் யாருக்கோ எழுதியிருந்தாள்: ‘எங்கம்மா போயாச்சு. பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட் வந்துரு. வீட்ல சொல்லல.’ யாருக்கு என்று பார்த்தால் பெயரே இல்லை, ஒரு பூப்படம்தான். மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

“போடுங்க தாயி, பின்னால வரிசை நிக்குதுல்ல” என்றார் வாட்ச்மேன். போட்டுவிட்டேன்.

ஒரு ரூமில் நாலு பேர் உட்கார்ந்து வெடிக்குத் திரி சொருகுவோம். உடம்புதான் அங்கே இருந்தது. மனசு பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கியது. மதுரை பஸ்ஸா, கோயம்புத்தூர் பஸ்ஸா? கூட நிற்கிறவன் எவன்? ஒரே வெடியில் ரெண்டு திரி சொருகியிருக்கிறேன்.

“என்ன, கை தாளம் போடுது?” என்றாள் பக்கத்திலிருந்தவள். உறவில்லை, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தைச் சொன்னேன்.

“நம்ம போன் பையில ஒறங்குற நேரந்தான் புள்ளைக போனுக்குத் திருவிழா” என்று சிரித்தாள். சிரித்த கையோடு என் முன்னாலிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். “நீ வெளிய போயிரு. ஒனக்கு ஒரு மக கவலை. கை ஆடிச்சுன்னா நாலு வீட்டுப் புள்ளைகளும் தெருவுல நிக்கும்.”

போர்மேனிடம் தலை சுற்றுகிறது என்று சொல்லி, கேட்டில் போனை வாங்கினேன். அவசரமாக மகளுடைய வாட்ஸப்பைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. மகள்தான்.

“யம்மா, எங்க இருக்க? கம்பெனில என்னமும் வெடிச்சிருச்சா? ஒனக்குக் கை காலு நல்லாருக்கா?”

அவளுக்குப் பின்னால் சினிமாச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து சேர்த்து வைத்த வசவு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“நல்லாத்தான் இருக்கேன். நீ எங்கடி இருக்க?”

படத்துக்கு வந்ததாகச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். கூட இருந்தவள் போனை வாங்கினாள். “அத்தை, நாங்க பொம்பளப் பிள்ளைக மூணு பேருதான் அத்தை.” பூப்படம் அவள்தானாம்.

வீட்டில் வைத்துக் கேட்டேன், வெடித்தது என்று ஏன் நினைத்தாய் என்று.

“நீ பாக்குறது மொத நாளே தெரியும்மா. காலையில எழுதுனத நீ வெளிய வர்றதுக்குள்ள அழிச்சிரலாம்னு இருந்தேன். நான் படிக்காம விட்ட மெசேஜ்ல பச்சையா ஒரு நம்பர் நிக்கும். நீ தொறந்தா இங்க அது மறஞ்சிரும். அதுக்குன்னே தெனம் ஒண்ணு ரெண்ட விட்டு வைப்பேன். சாயங்காலம் மறஞ்சா, அம்மா முழுசா வெளிய வந்துட்டா. இன்னைக்குப் பகல்லயே மறஞ்சிருச்சு. பகல்ல ஒன் கையில போன் எப்படி வரும்?”

சொல்லாமல் படத்துக்குப் போனதற்கு வாங்கிய திட்டு தனி. அதைத் திட்டி முடித்துவிட்டு, வாட்ஸப்பை என் போனிலிருந்து எடுத்துவிடவா என்றேன்.

“வேணாம். அத மட்டும் எடுத்துறாத.”

இப்போது சீசன். ஆர்டர் நெருக்குகிறது, வெளியே விட நேரமாகிறது. பொழுது சாயச் சாய எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம்பர் மறையவில்லையே என்று அங்கே ஒருத்தி போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன் கைக்கு வந்ததும், செருப்பைக்கூட மாட்டாமல் அவளுடையதைத்தான் முதலில் திறக்கிறேன்.

“தொறக்க மட்டுந்தான் செய்றியா, படிக்கவும் செய்றியா?” என்று மதினி கேட்கிறாள்.

கண்ணில் பட்டதைப் படிக்கத்தான் செய்கிறேன்.